இடது பக்கத்துச் செயின்

கொஞ்சம் தள்ளி வச்சுக்கிறேன் தம்பி, கிரீஸ் உங்க பேண்ட்டுல பட்டுறப் போகுது. பேப்பர்லதான் சுத்திக் குடுத்தாங்க, ஊறி வெளிய வந்துருச்சு. செயின்தான். சைக்கிள் செயின். சாதா சைக்கிள் இல்ல, மோட்டார் மாட்டின சைக்கிள். நீங்க எங்க வரைக்கும்? போடியா. நான் ஆண்டிபட்டியில எறங்கிருவேன்.

இல்ல இல்ல, ஜன்னல் ஓரம் நீங்களே இருங்க. எனக்கு இந்த சீட்டுதான் தோது. இங்கருந்து பார்த்தா டிரைவர் கால் தெரியும். பாருங்க, கிளட்ச் மேலயே காலை வச்சிருக்கான். இப்படி ஓட்டினா கிளட்ச் எத்தனை நாளைக்கு வரும். நான் இதே ரூட்டுல வண்டி ஓட்டினவன் தம்பி. பவுன்ராஜ்னு டிப்போல கேட்டா சொல்லுவாங்க. இப்பக் கேட்டா சொல்லுவாங்களோ என்னமோ. புதுசு புதுசா ஆளுக வந்துட்டாங்க.

ரிட்டயர்டு ஆகல. அனுப்பிட்டாங்க. அது ஒரு கதை. ஒரு நாள் காலையில ஆண்டிபட்டிக்கு வெளிய வண்டி ரோட்டை விட்டுக் கொஞ்சம் எறங்குச்சு. கொஞ்சம்தான். கண்டக்டர் பாய்ஞ்சு வந்து ஹேண்ட் பிரேக்கைப் பிடிச்சிட்டான். அவன் பிடிக்காட்டியும் நான் நிறுத்தித்தான் இருப்பேன். அவன் போய் ரிப்போர்ட்டுல, டிரைவர் கண்ணைத் தொறந்து வச்சபடியே இருந்தாரு, கூப்பிட்டேன், திரும்பலன்னு சொல்லிட்டான். கூப்பிட்டா எல்லாத்துக்கும் திரும்ப முடியுமா. ரோட்டைப் பார்க்கிறவன் ரோட்டைத்தான பார்ப்பான்.

டாக்டர் மண்டையில ஒயர் எல்லாம் வச்சுப் பார்த்தாரு. வலிப்புன்னுட்டாரு. நான் சொன்னேன், டாக்டர், வலிப்புன்னா கை கால் இழுக்கணும், வாயில நுரை தள்ளணும், எங்க தெருவுலயே ஒருத்தனுக்குப் பார்த்திருக்கேன், எனக்கு அப்படி ஒரு நாளும் வந்ததில்லன்னு. அவரு சொல்றாரு, இது வேற மாதிரி, ஆள் உக்காந்தபடியே இருப்பாரு, ஆனா இருக்கமாட்டாருன்னு. ஆள் இருப்பாரு ஆனா இருக்கமாட்டாரு. என்ன பேச்சு இது.

அம்புட்டுதான். லைசென்ஸ் போச்சு. மாத்திரை குடுத்தாங்க. அந்த மாத்திரையைப் போட்டா காதுலயும் வாயிலயும் பஞ்சை வச்சு அடைச்ச மாதிரி இருக்கும். சோறு சோறா தெரியாது. யாராவது செத்துப்போனாங்கன்னு சொன்னாலும், அப்படியான்னு கேட்டுட்டு உக்காந்திருப்பேன். அழுகையும் வராது, கோவமும் வராது.

சைக்கிள் கதைக்கு வர்றேன். மருமகன்தான் வாங்கிக் குடுத்தது. மகளும் மருமகனும் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்காங்க, பேத்தியை எங்ககிட்ட விட்டிருக்காங்க. தர்ஷிகான்னு பேரு, ரெண்டாங்கிளாஸ். மாமா வீட்டுலயே உக்காந்திருக்காரேன்னு, என் பழைய சைக்கிளுக்கு மாட்டுற மாதிரி ஒரு பேட்டரி மோட்டார் வாங்கியாந்தான். இதுக்கு லைசென்ஸ் வேணாம் மாமான்னான். அந்த ஒரு வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் சரின்னேன்.

எங்க தெரு முக்குல சுருளின்னு ஒருத்தன் சைக்கிள் கடை வச்சிருக்கான். நாப்பது வயசு ஆளு, நல்ல பையன். நான் வண்டி ஓட்டின காலத்துல, அவன் அம்மாவுக்குப் பேறுகால வலி வந்து... இல்ல இல்ல, அது அவன் சம்சாரத்துக்கு, மழை நேரம், வேற வண்டி கிடைக்காம பஸ்ஸை அவன் வீட்டு முன்னாடி நிறுத்தி ஏத்திட்டுப் போயிருக்கேன். அதுலருந்து டிரைவரண்ணே டிரைவரண்ணேன்னு உசுரா இருப்பான். அவன்தான் மோட்டாரை மாட்டினான். அந்தச் சைக்கிளுக்கு ரெண்டு செயின் தம்பி. வலது பக்கம் பெடலுக்கு ஒன்னு, அது எல்லாச் சைக்கிளுக்கும் இருக்கிறது. இடது பக்கம் மோட்டாருக்குத் தனியா ஒன்னு. மோட்டார்ல சின்னதா ஒரு பல்சக்கரம், பின் சக்கரத்துல பெருசா ஒரு பல்சக்கரம், ரெண்டையும் சேர்க்கிறது அந்த இடது பக்கத்துச் செயின். என் சங்கடம் பூராவும் அந்தச் செயின்லதான்.

முதல்ல நல்லாத்தான் ஓடுச்சு. பால் வாங்கப் போனேன், ரேசன் கடைக்குப் போனேன். ஒரு நாள் வாய்க்கா ரோட்டுல போய்க்கிட்டிருக்கேன். அடுத்துப் பார்த்தா வரப்புல கிடக்கேன். சைக்கிள் என் மேல கிடக்கு. ரெண்டு பேர் மூஞ்சியில தண்ணி தெளிக்கிறாங்க. செயின் எகிறி இருக்கணும். வேற என்ன. நல்லா ஓடுற வண்டி திடீர்னு ஆளைத் தள்ளுதுன்னா, செயின் பல்லை விட்டு எகிறிச் சக்கரத்தைப் பிடிச்சிருக்கணும். ஆனா எந்திரிச்சுப் பார்த்தா செயின் பல்லுலதான் இருந்துச்சு. விழுந்த வேகத்துல திரும்ப மாட்டியிருக்கும். அப்படியும் நடக்கும்.

வீட்டுல சொல்லல. சிராய்ப்புதான.

அடுத்தது சந்தைக்குப் போனப்ப. காமுத்தாயி பின்னாடி உக்காந்திருந்தா. என் சம்சாரம். மடியில காய்ப் பை. வர்ற வழியில லேசான எறக்கம். எனக்கு ஞாபகம் இருக்கிறது என்னன்னா, ஒரு புளியமரம். அந்த மரத்தைப் பார்த்தேன். அப்புறம் என் தலை அவ மடியில இருக்கு. கத்திரிக்கா ரோடு பூரா உருண்டு கிடக்கு. அவ ஒரு கையால என் தலையைப் பிடிச்சிருக்கா, இன்னொரு கை என்னமோ மாதிரி மடங்கி இருக்கு. மணிக்கட்டு ஒடிஞ்சிருச்சு. அவ அழுகல. என்ன ஆச்சுன்னு நான் கேட்டேன். அவ என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருந்தா. ரொம்ப நேரம் பார்த்தா. அப்புறம் சொன்னா, "செயின் கழண்டிருச்சுங்க."

பார்த்தீங்களா. நான் சொல்லல, அவளே சொன்னா. அவ பின்னாடி உக்காந்து கண்ணால பார்த்தவ.

அவ கையில மாவுக்கட்டுப் போட்டாங்க. நான் பக்கத்துலயே ஸ்டூல்ல உக்காந்து பார்த்துக்கிட்டிருந்தேன். மனசுல ஒன்னும் ஓடல தம்பி. இத்தனை வருசம் கூட வாழ்ந்தவ கை ஒடிஞ்சு கிடக்கா, எனக்கு ஏதாவது செய்யணும்ல உள்ளுக்குள்ள. செய்யல. மாத்திரை அப்படி. கட்டுப் போடுறவரு கை வேலையைப் பார்த்துட்டு இருந்தேன், அவ்வளவுதான்.

மறுநாளே காமுத்தாயி சுருளி கடைக்குப் போயிருக்கா, கட்டுப் போட்ட கையோட. செயினைப் பத்திப் பேசத்தான். அவளுக்கு அம்புட்டு அக்கறை. சாயந்தரம் சுருளி வந்து ரெண்டு செயினையும் கழட்டிட்டான். "இடது பக்கத்துச் செயின் நீண்டு போச்சுண்ணே, அதான் கழண்டிருக்கு, வேற மாத்தணும்"ன்னான். சரி, பெடல் செயினை எதுக்குடா கழட்டுறன்னேன். "ரெண்டும் ஒன்னாத்தான் மாட்டணும்ணே, இல்லாட்டி லைன் வராது"ன்னான். பழைய செயினைக் காட்டுடான்னேன். பழைய இரும்புக்குப் போட்டுட்டானாம். ஒரே நாள்ல.

அன்னையிலருந்து இந்தச் செயினுக்கு அலையுறேன்.

செயின்னா கடையில போய் ஒரு செயின் குடுங்கன்னு கேக்குறதில்ல தம்பி. ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் உள்ள தூரம் சரியா இருக்கணும். அது தப்புன்னா பல்லு மேல ஏறி ஏறிக் குதிக்கும். அப்புறம் உள் அகலம். அகலம் ஜாஸ்தின்னா பல்லுல நிக்காம அங்கிட்டும் இங்கிட்டும் ஆடும், கம்மின்னா பல்லு உள்ளயே போகாது. அப்புறம் எத்தனை கண்ணின்னு பார்க்கணும். மாட்டினதுக்கு அப்புறம் நடுவுல கட்டை விரலால அமுக்கினா லேசா எறங்கணும். வீணைக் கம்பி மாதிரி விறைப்பா இருந்தாலும் அறுந்துரும், தொங்கினாலும் கழண்டுரும். பஸ் ஓட்டினவனுக்கு இதெல்லாம் எங்க தெரியும். இப்பத்தான் படிச்சேன்.

சுருளி ஒரு சைஸ் சொன்னான். தேனிக்குப் பஸ் ஏறிப் போய் வாங்கியாந்தேன். மாட்டிப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான். "அகலம் ஜாஸ்திண்ணே." சரின்னு வேற சைஸ் சொன்னான். போனேன். "பின்னு தூரம் சேரலண்ணே." மறுபடி போனேன். "கண்ணி கனமா இருக்குண்ணே, மோட்டார் இழுக்காது." ஒவ்வொரு தடவையும் அவன் சொன்ன சைஸைத்தான் வாங்கியாரேன். ஒவ்வொரு தடவையும் அதுவே தப்பாப் போகுது. ஒரு கோணி மூட்டை நிறையச் செயினு கிடக்கு வீட்டுல. ஒருநாள் அவன் மூஞ்சியைப் பார்த்து, டேய் சுருளி, உனக்குத் தொழில் மறந்து போச்சாடான்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டான். "ஆமாண்ணே, இந்த மோட்டார் மாட்டின சைக்கிள் எல்லாம் எனக்குப் புதுசு"ன்னான். பாவமாப் போச்சு.

காமுத்தாயி ஒரு நாளும் அலுத்துக்கல. அதுதான் ஆச்சரியம். ஒரு சீப்பு வாழைப்பழம் கூடுதலா வாங்கினா வையுறவ, செயினுக்குப் போறேன்னா உடனே பணத்தை எடுத்துக் குடுப்பா. சட்டையைத் தேய்ச்சு வைப்பா. சாப்பாடு கட்டிக் குடுப்பா. "மெதுவாப் போயிட்டு வாங்க, அவசரம் இல்ல, முன் சீட்டுலயே உக்காருங்க." பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்து, கண்டக்டர்கிட்ட என்னமோ சொல்லிட்டுப் போவா. திரும்பி வர்றப்பவும் பஸ் ஸ்டாண்டுல நிப்பா. எதுக்கு நிக்கிறன்னு கேட்டா, கறிவேப்பிலை வாங்க வந்தேன்னு சொல்லுவா. வீட்டுல கறிவேப்பிலை மரமே நிக்குது.

இந்தத் தடவைதான் நான் வேற மாதிரி யோசிச்சேன். சுருளி சைஸ் சொல்லி நாம வாங்குறதுனாலதான தப்பாகுது. பேசாம அந்தப் பல்சக்கரத்தையே கழட்டிக் கொண்டு போயிருவோம். நேத்து காமுத்தாயி குழந்தையை ஸ்கூல்ல விடப் போயிருந்தா. ஸ்பேனரை எடுத்தேன், மோட்டார்ல இருந்த சின்னப் பல்சக்கரத்தைக் கழட்டினேன், பைக்குள்ள போட்டுக்கிட்டேன். பெரிய சக்கரத்தோட பல்லுல ஒரு பேப்பரை வச்சு அமுக்கி அச்சு எடுத்துக்கிட்டேன். தேனியும் வேணாம், நேரா மதுரைன்னு முடிவு பண்ணிட்டேன். காலையில மாத்திரையும் போடல. போட்டா பஞ்சு அடைச்ச மாதிரி ஆகிருது, கடைக்காரன் என்ன சொல்றான்னே ஏறாது. செயினுக்குப் போற அன்னைக்கு எப்பவுமே போடுறதில்ல. காமுத்தாயிக்குத் தெரியாது. உள்ளங்கையில வச்சுக்கிட்டு தண்ணியை மட்டும் குடிச்சிருவேன்.

மதுரையில ஸ்பேர் பார்ட்ஸ் கடையில ஒரு அம்மா உக்காந்திருந்தாங்க. என்ன சைஸுன்னாங்க. கடைசியா சுருளி சொன்ன சைஸைச் சொன்னேன். என்னை ஏற எறங்கப் பார்த்தாங்க. "எதுக்கு"ன்னாங்க. சைக்கிள் மோட்டாருக்குன்னேன். பல்சக்கரத்தை எடுத்து மேசையில வச்சேன். அந்தம்மா உள்ள போயி ஒரு செயினை எடுத்துட்டு வந்து அந்தப் பல்லு மேல போட்டாங்க. சொன்னா நம்பமாட்டீங்க, ஒவ்வொரு பல்லுலயும் போய் அப்படியே உக்காந்துச்சு. ஆட்டம் இல்ல. இடைவெளி இல்ல.

"இது சாதாச் செயின்தான் ஐயா, எந்தச் சைக்கிள் கடையிலயும் தொங்கும். நீங்க சொன்ன சைஸு பெரிய பைக்குக்குப் போடுறது. அதை யாரு சொன்னா உங்களுக்கு?"

எங்க ஊரு மெக்கானிக்குன்னேன்.

"மெக்கானிக்கா. தெரியாம ஒரு தடவை தப்பாச் சொல்லலாம். எல்லாத் தடவையும் தப்பாச் சொல்லணும்னா நல்லாத் தெரிஞ்சிருக்கணும்"னு சொல்லிச் சிரிச்சாங்க.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கல. வியாபாரம் பண்றவங்க ஒருத்தரை ஒருத்தர் குறை சொல்றது வழக்கம்தான். சுருளி அப்படிப்பட்ட ஆள் இல்ல. தொழில் கொஞ்சம் மட்டு, அவ்வளவுதான். ஆனா அந்தம்மா நல்லாச் சொல்லிக் குடுத்தாங்க. செயினைச் சேர்க்கிற பூட்டு இருக்குல்ல, அதோட மூடின பக்கம் சக்கரம் ஓடுற திசையைப் பார்க்கணும், திறந்த வாய் பின்பக்கம் இருக்கணும். மாத்திப் போட்டா ஓட்டத்துல பூட்டு கழண்டு விழுந்துரும். அதையும் தெரிஞ்சுக்கிட்டேன். இனி சுருளியே வேணாம். நானே மாட்டிருவேன். பெடல் செயினும் ஒன்னு சேர்த்து வாங்கிட்டேன். அதான் பொட்டலம் இம்புட்டுக் கனம்.

கடை வாசல்லருந்தே காமுத்தாயிக்குப் போன் பண்ணினேன். சரியான செயின் கிடைச்சிருச்சு தாயி, பல்லுல வச்சே பார்த்துட்டேன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. லைன் கட்டாயிருச்சுன்னு நினைச்சேன். ஹலோ ஹலோன்னேன்.

"இருக்கேன்"ன்னா.

"திங்கக்கிழமையிலருந்து தர்ஷிகாவை நானே ஸ்கூல்ல விட்டுர்றேன். நீ வெயில்ல நடக்க வேணாம்."

"பல்லுல நல்லாப் பொருந்துதா?"

"அச்சா பொருந்துது."

"வேற ஏதாவது சரியில்லாம இருக்கப் போகுது. நல்லாப் பார்த்தீங்களா?"

"எல்லாம் பார்த்தாச்சு."

கடைசியா, "சரி. பத்திரமா வாங்க"ன்னு வச்சிட்டா. சந்தோசப்படுவான்னு நினைச்சேன். ஒருவேளை பட்டிருப்பா. எனக்கே ஒன்னும் பெருசாத் தோணல பாருங்க. இத்தனை மாசம் அலைஞ்ச சாமான் கையில இருக்கு, ஒரு கறிவேப்பிலைக் கொத்தை வாங்கின மாதிரி இருக்கு. பஸ் ஸ்டாண்டுக்கு வர்றதுக்குள்ள சுருளி போன் பண்றான். "அண்ணே, நான் பார்க்காம மாட்டிறாதீங்கண்ணே." டேய், எனக்கு மாட்டத் தெரியும்டான்னேன். "சாமி சத்தியமா மாட்டிறாதீங்கண்ணே"ங்குறான். ஒரு செயினுக்கு எதுக்குடா சாமியை இழுக்கிற. நான் வச்சிட்டேன்.

தர்ஷிகா என் பின்னாடி உக்கார ஒரு சின்ன மெத்தை தச்சு வச்சிருக்கேன். பழைய சீட்டு ரெக்சின்ல. கால் சக்கரத்துல மாட்டாம இருக்க ரெண்டு பக்கமும் தகரம் அடிச்சிருக்கேன். ஸ்கூலுக்குப் போற வழியில மெயின் ரோட்டை ஒரு தடவைதான் கடக்கணும். லாரிக வரும். நான் பார்த்துக்குவேன். முப்பது வருசம் இந்த ரோட்டைப் பார்த்தவன். இந்தா, கணவாய் ஏறப் போறான், இங்க முன்னாலயே ரெண்டாவது கியருக்கு வந்துரணும், மேட்டுல போய் மாத்தினா வண்டி...

ம்.

என்ன தம்பி. ஏன் எந்திரிச்சு நிக்கிறீங்க. கண்டக்டர் எதுக்கு வந்தாரு இங்க. டிக்கெட் எடுத்தாச்சே, ரெண்டு பேரும் எடுத்தாச்சு.

தண்ணி பாட்டில் கீழ கிடக்கு. வேட்டி நனைஞ்சிருக்கு. நீங்க ஊத்தினீங்களா? நான் குடிச்சிட்டிருந்தேனா? இருக்கும். பஸ் குலுக்கின குலுக்கல்ல விழுந்திருக்கும். இவன் ஓட்டுற லட்சணம் அப்படி. ஒன்னுமில்ல கண்டக்டர், நீங்க போங்க. நல்லாத்தான் இருக்கேன். வாய்தான் கொஞ்சம் துரு நக்கின மாதிரி இருக்கு.

கணவாய் தாண்டியாச்சா. எப்ப தாண்டினான். இப்பத்தான ஏறினான்.

உக்காருங்க தம்பி. எதுக்கு அப்படிப் பார்க்கிறீங்க. காமுத்தாயி இப்படித்தான் பார்ப்பா. எங்க வீட்டுப் போன் நம்பரா? எதுக்கு? நான்தான் இன்னும் கொஞ்ச நேரத்துல எறங்கிருவேனே. எங்க பேச்சை விட்டேன். பூட்டு. மூடின பக்கம் முன்னாடி. ஆமா, அதைச் சொல்லிட்டேன்ல.

அந்தா ஸ்டாண்டு வந்துருச்சு. பாருங்க, நான் சொல்லல? கறிவேப்பிலை வாங்குறவ நிக்கிறா. அந்தப் பச்சைச் சேலைதான். கட்டுப் பிரிச்சும் அந்தக் கையை நெஞ்சோட சேர்த்தே வச்சிருக்கா, பழக்கமாப் போச்சு. குழந்தையைக் கூட்டிட்டு வரல.

பக்கத்துல யாரு? சுருளி. கடையை அடைச்சிட்டு வந்திருக்கான். தீபாவளிக்குக் கூட மத்தியானம் வரைக்கும் தொறந்து வச்சிருக்கிறவன். செயினைப் பார்க்க அம்புட்டு அவசரம் போல. சைக்கிளையும் கொண்டு வரல, ஸ்பேனரும் கொண்டு வரல. செயின் மாட்ட வர்றவன் வெறுங்கையோடயா வருவான்.

ரெண்டு பேரும் பஸ்ஸைத்தான் பார்க்கிறாங்க.

கேட்டா ஏதாவது சொல்லுவாங்க. நான் கேக்கப் போறதில்ல தம்பி. அகலம் ஜாஸ்தின்னு சொல்லட்டும், கம்மின்னு சொல்லட்டும்.

படியில எறங்குற வரைக்கும் கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க. வேற ஒன்னுமில்ல, பொட்டலம் கனம்.